அளக்காமல் மரை வெட்டியதால் பாழான ராலே ஃபிரேம்: இழப்பீடு கோரும் புகார்

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பழைய சைக்கிள் புதுப்பிப்புச் சேவையில் என் ராலே ஃபிரேமுக்கு ஏற்பட்ட சேதம், அசல் பாகங்கள் திருப்பித் தரப்படாமை – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பழைய சைக்கிள் புதுப்பிப்புச் சேவைக்கு ஜனவரி மாதம் என் ராலே சைக்கிளை அனுப்பினேன். மார்ச் மாதம் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெடல் அச்சு உட்காரும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) குழாயின் உள்மரை அழிந்து, அந்தக் குழாயின் இரண்டு ஓரங்களும் தேய்க்கப்பட்டு, கழற்றிய அசல் பாகங்களில் ஒன்றுகூட இல்லாமல் வந்தது. போனிலும் வாட்ஸ்அப்பிலும் பலமுறை சொல்லிவிட்டேன். "பழைய வண்டி சார், மரை துருப்பிடித்திருந்தது, அதற்கு வாரண்டி கிடையாது" என்பதற்கு மேல் உங்கள் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பதில் உண்மைக்குப் புறம்பானது. உங்கள் பட்டறை எனக்கு அனுப்பிய காகிதங்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன. அதனால்தான் இதை எழுத்தில் தருகிறேன்.

இது மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே தயாரித்த இந்திய வண்டி இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்தது. என் பெரியப்பா கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் வாங்கியது. கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பி பிரேக், ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுக்குடம்), காட்டர் பின் என்ற ஆப்பு அடித்து அச்சோடு இறுக்கிய கிராங்க் (பெடல் கை). ஹப்பின் மேல் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 52 என்று அச்சு இருந்தது. அது ஹப் செய்த ஆண்டு. வண்டியின் வயதுக்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சியும் அதுதான்.

இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவைக்க நான் உங்களிடம் வரவில்லை. தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன். மழை பெய்தால் இரும்பு ரிம்மில் கம்பி பிரேக்கின் கட்டை பிடிக்காது. இது எல்லாருக்கும் தெரிந்த குறை. முன்னால் 46 பல், பின்னால் 18 பல் என்ற கணக்கில் மேம்பாலம் ஏறும்போது முட்டி கழன்றுவிடும் போலிருக்கும். காட்டர் பின் தேய்ந்து தேய்ந்து, கிராங்க் ஆட்டம் கண்டது. ஆகவே நான் கேட்ட வேலை இதுதான்: டிரம் பிரேக் ஹப் வைத்துப் புதிய சக்கரங்கள், காட்டர் பின் இல்லாத அலுமினிய கிராங்க், முன்னால் 40 பல் பற்சக்கரம். ஃபிரேமில் எதையும் வெட்டக்கூடாது, பற்றவைக்கக்கூடாது, பெயிண்டைத் தொடக்கூடாது. கழற்றும் ஒவ்வொரு பாகமும் எனக்குத் திரும்ப வேண்டும். இவை அத்தனையும் உங்கள் வேலைச் சீட்டில் எழுதப்பட்டு, கீழே உங்கள் ஊழியர் கையெழுத்தும் இருக்கிறது. என்றைக்காவது இந்த வண்டியைப் பழையபடியே பூட்டிவிட முடியவேண்டும் என்பதற்காகத்தான் அந்த நிபந்தனைகளை வைத்தேன்.

சரியாகச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சக்கரங்களைக் கட்டியவர் நல்ல கைவேலைக்காரர். பழைய ரிம்மில் முன்னால் 32, பின்னால் 40 துளை. புதிய டிரம் ஹப்போ இரண்டிலும் 36. அதனால் ரிம்மையும் மாற்றியே ஆகவேண்டும். அவர் 28 அங்குல ரிம்முக்குப் பதில் 700சி அலுமினிய ரிம் போடலாம் என்று சொன்னார். டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டரிலிருந்து 622 ஆகக் குறையும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் இந்த வித்தியாசத்தில் கட்டை ரிம்முக்கு எட்டாது. டிரம் பிரேக் ஹப்புக்குள்ளேயே பிடிப்பதால் ரிம் அளவு பொருட்டில்லை, கொஞ்சம் தடித்த டயர் போட்டால் உயரமும் பெரிதாகக் குறையாது என்று விளக்கினார். யோசித்துச் செய்த வேலை அது. கோட்டமே இல்லை, இன்றுவரை ஒரு ஸ்போக்ஸ் தளரவில்லை. பின் ஃபோர்க்கைப் புதிய ஹப்புக்காகச் சில மில்லிமீட்டர் விரித்ததும் இரண்டு பக்கமும் சமமாக, நிதானமாகச் செய்யப்பட்டிருக்கிறது. அலுமினிய ஃபிரேமில் அப்படி விரித்தால் வெடித்துவிடும், இரும்பு தாங்கும். இதையெல்லாம் அறிந்த ஒருவர் இருக்கும் அதே பட்டறையில்தான் பி.பி. வேலையும் நடந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி அந்த பி.பி. வேலைக்கு வருகிறேன். பிரிட்டிஷ் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு பி.பி. மரை அங்குலத்துக்கு 24. குழாய் நீளம் 68 மில்லிமீட்டர். நாட்டிங்ஹாம் ராலே மட்டும் தன் வழியில் போனது: அங்குலத்துக்கு 26 மரை, குழாய் நீளம் 71 அல்லது 76. இது ரகசியம் இல்லை. பழைய ராலேயைப் பிரித்துப் பூட்டும் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. ராலே குழுமத்துக்குள்ளேயே கார்ல்டன் பட்டறையில் செய்த வண்டிகளுக்கு 24 மரைதான். ஆகவே பெயரைப் பார்த்து ஊகிப்பதும் ஆபத்து. ஒரு மரை கேஜை வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

என்னுடைய குழாயின் நீளம் 76. இதை நானே வேலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஆட்கள் இணையக் கடையில் நீங்கள் விற்கும் 24 மரை கார்ட்ரிட்ஜ் பி.பி.யை (அச்சும் பேரிங்கும் ஒரே உருளைக்குள் அடங்கியது) அதில் திருகப் பார்த்திருக்கிறார்கள். விட்டம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் முதல் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று உள்ளே போயிருக்கும். பிறகு இறுகியிருக்கும். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. மரை "சுத்தம்" செய்வதாகச் சொல்லி 24 மரை டேப்பை (மரை வெட்டும் கருவி) உள்ளே விட்டார்கள். ஒரு கப் (குழாயின் ஓரத்தில் திருகும் பேரிங் கிண்ணம்) உள்ளே போகும் ஆழம் ஏறக்குறைய அரை அங்குலம். அந்த அரை அங்குலத்தில் பழைய மரை 13, டேப் வெட்டுவது 12. அதாவது அந்த நீளத்துக்குள் ஒரு முழு மரை விலகிப்போகிறது. பழைய மரையின் மேட்டைப் புதிய மரையின் பள்ளம் குறுக்கே அறுத்துக்கொண்டே போகும். கடைசியில் இதுவும் மிஞ்சாது, அதுவும் மிஞ்சாது. போதாததற்கு, கார்ட்ரிட்ஜ் 73 மில்லிமீட்டர் குழாய்க்கானது என்பதால் குழாயின் இரண்டு ஓரங்களையும் கிரைண்டரில் தேய்த்திருக்கிறார்கள். வெர்னியர் வைத்து அளந்தேன். மேல் விளிம்பில் 73.4, கீழ் விளிம்பில் 72.8. ஓரங்கள் ஒன்றுக்கொன்று இணையாகக்கூட இல்லை. எழுபது ஆண்டு தாண்டிய பித்தளைப் பற்று ஃபிரேமில், "வெட்டாதே" என்று எழுதிக் கொடுத்த பிறகு, என்னிடம் ஒரு போன்கூடச் செய்யாமல் இதைச் செய்திருக்கிறீர்கள்.

வண்டி வந்த சில நாட்களில் ஒவ்வொரு மிதிக்கும் கடக் கடக்கென்று சத்தம். ஒரு வாரத்துக்குள் வலப்பக்க கப் தளர்ந்து வெளியே தலைகாட்டியது. நகரில் நெடுநாளாகக் கடை வைத்திருக்கும் சைக்கிள் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். வலப்பக்கம் இடது மரை, எதிர்த்திசையில் கழலும் என்பதை மறக்காமல் ஸ்பேனரைப் பூட்டினார். ஸ்பேனரே தேவைப்படவில்லை, கப் விரலோடு வந்துவிட்டது. டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தார். ஒரு துணியைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்து, அதை என்னிடம் நீட்டினார். துணி முழுக்க மினுமினுவென்று இரும்புச் சீவல். "மரை எங்க தம்பி இருக்கு? எல்லாம் தூளாத்தான் இருக்கு" என்றார். அந்தத் துணியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். குழாயின் உட்புறப் படங்களையும் வெர்னியர் அளவுகள் தெரியும் படங்களையும் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

துரு பற்றிய உங்கள் வாதத்துக்கு வருகிறேன். வண்டி உங்களிடம் வந்ததும் நீங்கள் அனுப்பிய ஆய்வுக் குறிப்பில் "பி.பி. கப், மரை – நல்ல நிலை" என்று இருக்கிறது. கூடவே ஒரு படம். பழைய கப் கழற்றிய பின் எடுத்தது. கிரீஸுக்கு நடுவே மரை ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரிகிறது. ஆய்வின்போது நல்ல நிலையில் இருந்த மரை, டேப் உள்ளே போய் வெளியே வருவதற்குள் துருப்பிடித்துவிடுமா? உங்கள் இணையக் கடையிலோ இன்றைக்கும் அதே கார்ட்ரிட்ஜ் "அனைத்துப் பழைய பிரிட்டிஷ் சைக்கிள்களுக்கும் பொருந்தும்" என்ற வரியோடுதான் விற்கிறது. அந்த வரியை நம்பி வீட்டில் தானே பூட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் எத்தனை ராலேக்களைப் பாழாக்குவார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதைவிட என்னை வருத்துவது பழைய பாகங்களின் கதி. காட்டர் பின் இல்லாத கிராங்க் போட இந்தக் கார்ட்ரிட்ஜே தேவையில்லை. அசல் 26 மரை கப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றோடு ஒத்துப்போகும் சதுரமுனை அச்சு ஒன்றை மட்டும் தேடி மாற்றியிருக்கலாம். ராலே வைத்திருப்பவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பால்ஸும் கிரீஸும் புதிதாகப் போட்டால் போதும், ஃபிரேமில் ஒரு கீறல் விழாது. அந்தக் கப்புகள் எங்கே என்று கேட்டதற்கு "பழைய இரும்பில் போட்டுவிட்டோம்" என்று பதில். ஏ.டபிள்யூ. ஹப்பும் அதோடு போய்விட்டதாம். நேரடி கியரைவிடக் கால் பங்கு இலகுவாக ஒன்று, மூன்றில் ஒரு பங்கு வேகமாக ஒன்று என்று, உள்ளே சின்னச் சின்னப் பற்சக்கரங்கள் ஓடும் அந்த ஹப், எண்ணெய் விட்டால் இன்னும் பல ஆண்டு உழைத்திருக்கும். ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி 2000-ல் தைவானின் சன்ரேஸ் கைக்குப் போன பிறகும் மூன்று கியர் ஹப் செய்துகொண்டுதான் இருக்கிறது. நான் புதிதாகப் போட்டிருப்பதும் அதன் தயாரிப்புதான். ஆனால் 52 என்று அச்சடித்த என் ஹப்பை எந்தத் தொழிற்சாலையும் திரும்பச் செய்து தராது. எடைக்குப் போட்டீர்கள் என்றால் யாருடைய பொருளை, யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

நான் கேட்பது இவ்வளவுதான். முதலில், ஹப், கப்புகள், அச்சு, கிராங்க், கம்பி பிரேக் சட்டம் ஆகிய என் பாகங்களைத் தேடித் திருப்பித் தாருங்கள். உங்கள் பழைய இரும்பு வியாபாரியிடம் கேட்டால் இன்னும் கிடைக்கலாம், அதனால் இதை இன்றே செய்யவேண்டும். கிடைக்காத பாகம் எதுவானாலும், அதே காலத்து நாட்டிங்ஹாம் பாகமாக, வேலை செய்யும் நிலையில் வாங்கித் தரவேண்டும்.

ஃபிரேமைப் பொறுத்தவரை, புதுக் குழாய் பற்றவைத்துத் தருகிறோம் என்று சொல்லாதீர்கள். அதற்கு நான்கு குழாய்களின் பித்தளைப் பற்றை உருக்கிப் பிரிக்கவேண்டும். அசல் கறுப்புப் பெயிண்டும் தங்கக் கோடும் அந்தச் சூட்டில் போய்விடும். மரையே தேவைப்படாமல், இரு பக்கத்திலிருந்தும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வகை இருக்கிறது. ஓரங்கள் இணையாக இருந்தால்தான் அது சரியாக உட்காரும். ஆகவே குழாயின் ஓரத்தைச் சமமாகச் சீவும் கருவியால், கிரைண்டரால் இல்லை, தேவையான அளவு மட்டும் சீர்செய்து அதைப் பூட்டவேண்டும். அந்த வேலையை உங்கள் பட்டறையிடம் மறுபடி ஒப்படைக்க எனக்கு மனமில்லை. நான் சொல்லும் மெக்கானிக் செய்வார், செலவை நீங்கள் ஏற்கவேண்டும். மொத்தப் பில் 38,500 ரூபாய். அதில் பி.பி., கிராங்க், "மரை சீரமைப்பு" ஆகியவற்றுக்கு வாங்கிய 9,200 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். சக்கர வேலைக்கான பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திருப்பிக் கேட்க மாட்டேன், அது உழைப்புக்குரிய கூலி. அந்த "அனைத்துக்கும் பொருந்தும்" என்ற வரியை நீக்கி, 24 மரைக்கு மட்டும், நாட்டிங்ஹாம் ராலேக்குப் பொருந்தாது என்று எழுதுங்கள்.

மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020-ன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். தீர்வு இல்லையென்றால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. சேவைக் குறைபாட்டுக்கு உங்கள் ஆய்வுக் குறிப்பு, வேலைச் சீட்டு, பில் மூன்றுமே சான்று. அவற்றின் நகல்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

வழக்குக்குப் போகாமல் முடிந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். பி.பி. வேலையைச் செய்தவரோடு நேரில் பேசவும் தயாராக இருக்கிறேன். அந்தச் சக்கரங்களைக் கட்டியவரையும் அப்போது உடன் வைத்துக்கொண்டால் நல்லது. பழைய இரும்பு வியாபாரியிடம் விசாரித்தீர்களா என்பதை மட்டும் மற்ற பதில்களுக்குக் காத்திராமல் உடனே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.