முதலாம் ஆண்டுப் பெற்றோருக்கு: வீட்டில் பத்து நிமிடம் சொல் விளையாட்டு

அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை உங்கள் பிள்ளையின் புத்தகப்பையில் ஒரு சிறிய துணிப்பை இருக்கும். அதற்குள் போத்தல் மூடிகள். ஒவ்வொரு மூடியின் மேலும் ஓர் எழுத்து. முதலாம் ஆண்டு ஆசிரியைகள் கைப்பட எழுதித் தயாரித்தவை. தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அவற்றை வைத்துத் தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு விளையாட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

"எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் வாசிக்க மட்டும் வரவில்லையே" என்று உங்களில் பலர் கவலைப்படுகிறீர்கள். அட்டவணையில் உள்ள 247 எழுத்துகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை 'மரம்' என்ற சொல்லிடம் வந்து திணறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேளுங்கள், காரணம் விளங்கிவிடும். "ம... ர... இம்" என்று அது கூட்டுகிறது. இந்த மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் மரம் வராது. மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிப்பதற்காக முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். எழுத்தை அறிய அது சரி. சொல்லைக் கூட்டும்போது அதே இகரம் இடறுகிறது. "ம, ர" என்று சொல்லிவிட்டு அப்படியே உதட்டை மூடச் சொல்லுங்கள். மூடிய உதட்டில் மகர மெய் தானாக ஒலிக்கும், சொல்லும் சேர்ந்துவிடும்.

விளையாட்டை இந்த மரத்திலிருந்தே தொடங்கலாம். மூன்று மூடிகளை மேசையில் அடுக்கி, முதல் மூடியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வரம், கரம், தரம், சரம் என்று வரும். பிள்ளை 'லரம்' என்று வைத்துவிட்டுச் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். பொருளில்லாத சொல்லையும் வாசித்துவிட்டது என்றால், நினைவிலிருந்து ஒப்பிக்கவில்லை, ஓசையைக் கூட்டித்தான் படிக்கிறது என்று பொருள். எனக்கு அது மிகப் பெரிய மகிழ்ச்சி. அடுத்து 'கல்' வைத்து, நடுவே துணைக்காலை நுழையுங்கள்: கால். பல், பால், படம், பாடம். ஓர் எழுத்து நீண்டால் பொருளே மாறிவிடுவதைப் பிள்ளையின் விரலும் காதும் ஒரே நேரத்தில் உணரும்.

கொம்பு எழுத்துகளுக்கு அவசரப்படாதீர்கள். 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு இது பெரும் குழப்பம். அதனால்தான் கெ, கே போன்றவற்றை முழுதாக ஒரே மூடியில் எழுதியிருக்கிறோம்.

லகர, ளகர, ழகரத்துக்குக் கண்ணாடி போதும். லகரத்துக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் வளையும், ஆனால் எதையும் தொடாது. "கொடிமலையில் மழை" என்று கண்ணாடி முன் நின்று மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கும் இது நல்ல பயிற்சி.

நம் பிள்ளைகள் மூன்று மொழிகளை ஒன்றாகத் தொடங்குகிறார்கள். மலாயில் 'சாவான்' என்னும் கோப்பைக்கு முதலில் நிற்கும் அதே எழுத்துதான் ஆங்கிலத்தில் 'கேட்' என்னும் பூனைக்கும் முதலில் நிற்கிறது. ஓசை மட்டும் வேறு. ஆகவே ஓர் அமர்வில் ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல் விளையாட்டிலும் எழுத்தின் பெயரைக் கேட்காமல் ஓசையைக் கேளுங்கள்.

மூடிகளே இல்லாமலும் விளையாடலாம். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது, "பாலம் என்று முடிந்தது, மகரத்தில் தொடங்கும் சொல் ஒன்று சொல்" என்று கேட்டுப் பாருங்கள். 13.5 கிலோமீட்டர் போவதே தெரியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். கொட்டாவி வந்தாலோ, கண் கலங்கினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். தவறாகக் கூட்டிய சொல்லை இருபது முறை எழுதச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும், அண்ணன் அக்காளோடும் ஒப்பிட வேண்டாம்.

சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பள்ளி மண்டபத்தில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஏற்பாட்டில், ஆசிரியைகள் இந்த விளையாட்டுகளை நேரில் செய்து காட்டுவார்கள். கட்டணம் இல்லை. தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள். பல வீடுகளில் மாலையில் பிள்ளையோடு இருப்பவர்கள் அவர்கள்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்வோர் அன்று வர இயலாவிட்டால், வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வசதியான வேறொரு நாளில் சொல்லித்தர அவர் காத்திருப்பார். மூடி ஏதேனும் தொலைந்துபோனாலும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இக்கண்,
தலைமையாசிரியர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு