பேரிஜத்துக்கு இருக்கும் காவல் கொடைக்கானல் ஏரிக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக் கூட்டம் பற்றிய உங்கள் செய்தியில், கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் படத்தைப் பார்த்தேன். நெரிசலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த வண்டிகள் போய்ச் சேருகிற ஏரியைப் பற்றி யாரும் பேசக் காணோம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பெரியகுளத்துக்காரி. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரே கொடை மலைதான். போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் மேலே போயிருந்தேன். முதல் நாள் மிதிபடகில் ஏறினோம். நடு ஏரியில் இருக்கும்வரை குறையொன்றும் இல்லை. பனி இறங்கி, எதிர்க்கரை மரங்கள் மறைந்து மறைந்து தெரிந்தன. அப்புறம் படகு ஒரு மூலைப் பக்கம் ஒதுங்கியதும் மிதிக்க முடியவில்லை. குனிந்து பார்த்தால், சக்கரத்தில் நீர்க்களை சுற்றிக்கொண்டு கிடக்கிறது. களைக்குள் ஒரு சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பொட்டலம் ஒன்று, பாட்டில் மூடிகள். பிள்ளை கையை விட்டு அதை இழுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து விரலை மோந்துவிட்டு, "அம்மாச்சி, கை நாறுது" என்றாள்.

மறுநாள் பேரிஜம் போனோம். கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், காட்டுக்குள் இருக்கிற ஏரி. வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு. யானை நடமாட்டம் இருந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். அங்கே படகும் இல்லை, சோளக்கதிர்க் கடையும் இல்லை. கரையில் நின்றால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் புல் தெரிகிறது. எங்கள் பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் தருவதில் இந்த ஏரிக்கும் பங்கு உண்டு. "நம்ம வீட்டுக் குழாயில வர்றது இதுதான்டி" என்று சொன்னபோது பேத்தி நம்பவேயில்லை.

ஒரே மலை, ஒரே மழை. குடிக்கிற தண்ணீர் என்பதால் ஒன்றுக்குக் காவல் போட்டிருக்கிறோம். பார்க்கிற தண்ணீர்தானே என்று மற்றதை விட்டுவிட்டோம்.

கொடைக்கானல் ஏரி தானாக உண்டானது அல்ல. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்து, சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கினார். மீன் விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்ததும் அவர்தான் என்பார்கள். ஆக, அது சுமார் 60 ஏக்கரில் நட்சத்திர வடிவில் கட்டிய ஒரு கண்மாய். சுற்றிலும் மேடு. மேட்டில் எது கொட்டினாலும் கடைசியில் பள்ளத்துக்குத்தான் வரும். நாங்கள் தங்கிய விடுதியின் பின்பக்கம் சமையல்கட்டுக் குழாய் ஒன்று நேராக ஓடையில் விழுவதைக் காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். சோற்றுப் பருக்கையோடு வெள்ளையாகப் போகிறது. கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான்மா விடுறாங்க" என்று பதில் வந்தது. அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இது ஏரியோடு முடிகிற சங்கதியும் இல்லை. மலைப்பாதையில் எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளி நீர்வீழ்ச்சி, இந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான். அதன் சாரலில் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 மே முதல், மேலே வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்று இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு இருக்கிறது. உயர்நீதிமன்றம் 2025-இல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பு வைத்தது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடையும் இருக்கிறது. நல்ல காரியங்கள்தான். ஆனால் வாசலில் எண்ணி உள்ளே விட்டால் போதுமா? உள்ளே வந்த வண்டிகளில் பெரும்பாலானவை அந்த ஐந்து கிலோமீட்டர் ஏரிச் சாலையைத்தான் சுற்றுகின்றன. நடக்கிறவர்கள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், குதிரைகள், ஹாரன் அடிக்கும் வேன்கள் எல்லாம் ஒரே சாலையில். காலை பத்து மணி வரையிலாவது அங்கே மோட்டார் வண்டியை விடாமல் இருக்கலாம். குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள் வாடகைக் கடைக்காரர்களுக்கும் அதனால் பிழைப்பு கெடாது, கூடத்தான் செய்யும்.

அதைவிட முக்கியம் கழிவுநீர். ஏரிக்குள் வரும் ஒவ்வொரு ஓடையையும் மேலே வரை நடந்து பார்த்து, எந்தெந்தக் குழாய் அதில் விழுகிறது என்று நகராட்சி கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஏரிக்கரையிலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். களையை மட்டும் வருஷா வருஷம் அள்ளிக்கொண்டிருந்தால், சாக்கடையைத் தின்று அது மறுபடி வளரத்தான் செய்யும்.

கடைசியாகக் குறிஞ்சி பூத்தது 2018-இல். அடுத்து 2030-இல் பூக்கும்போது மலை தாங்காத அளவுக்குக் கூட்டம் வரும். அதற்குள் அந்தக் குழாய்களை அடைத்துவிடுங்கள் என்று சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரியகுளம்.