அளவுகோலைக் கொடுத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோயிலில் முன்வரிசையில் முழந்தாளிடுகிறவர் தன்னிடம் வேலை பார்ப்பவரின் கூலியைப் பிடித்து வைக்கிறார், ஜெபமாலை சொல்லும் அதே வாய் புறம் பேசுகிறது, குருக்கள் சிலர் செய்த குற்றங்கள் ஊரறிந்தவை, ஆகவே இந்த விசுவாசமே பொய் என்று முடிக்கிறார் கட்டுரையாளர். அவர் காட்டுகிற மனிதர்களை எனக்கும் தெரியும். 'ஆகவே' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் கதையையே சொல்கிறேன். சொத்துப் பிரிவினையில் மனக்கசப்பு வந்து, அண்ணனிடம் நான்கு வருடம் பேசாமல் இருந்தேன். அந்த நான்கு வருடமும் ஞாயிறு தவறாமல் பாடகர் குழுவில் நின்று பாடினேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஒருநாள் அவர் கேட்டார்: "கூடப் பிறந்தவர்கிட்ட பேச மாட்டீங்க, கோயில்ல போய் அன்பைப் பத்திப் பாடுவீங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தேன், குரல் எழும்பவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ, முதலில் உன் சகோதரனோடு சமாதானமாகு, அப்புறம் வந்து செலுத்து என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது எனக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். நண்பர் கேட்டது அதே கேள்வி. என் தவறைத் தவறு என்று எனக்குக் காட்டியது, நான் பாடிக்கொண்டிருந்த அதே விசுவாசம்தான். கட்டுரையாளர் எங்களை அளக்கிற கோலும் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே.

எங்கள் ஆட்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று திருச்சபை எப்போது சொன்னது? எங்கள் வழிபாடான திருப்பலி தொடங்கியதும் நாங்கள் மார்பில் தட்டிக்கொண்டு சொல்வது "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று. குருவானவரும் எங்களோடு சேர்ந்துதான் சொல்கிறார். இயேசுவின் தலைமைச் சீடர் பேதுரு மூன்று முறை ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் விடாமல் எழுதி வைத்திருக்கின்றன. தலைவரின் மானத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார்கள்.

இந்த வழக்கு புதிதும் அல்ல. 303இல் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது, வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் (பிஷப்புகள்) பயந்துபோய் மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். கலவரம் அடங்கிய பிறகு, அப்படித் துரோகம் செய்தவர்கள் கொடுக்கும் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்கள் செல்லாது என்று ஒரு கூட்டம் பிரிந்தது. தோனாத்தியர் என்று அவர்களுக்குப் பெயர். நூறு வருடம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. வட ஆப்பிரிக்க ஆயரான புனித அகுஸ்தினார் அவர்களுக்குச் சொன்ன பதில் எளிமையானது: பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே. 411இல் கார்த்தேஜில் இரு தரப்பு ஆயர்களும் நேருக்கு நேர் வாதாடியபோது தீர்ப்பு தோனாத்தியருக்கு எதிராகத்தான் வந்தது. சாகக் கிடக்கும் ஒரு தாய், வந்திருக்கும் குருவின் நடத்தையை விசாரித்துத் தெரிந்துகொண்டா நற்கருணை வாங்க முடியும்? அந்தக் கவலையை அவர் தலையிலிருந்து இறக்கி வைத்த பதில் இது.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தையும் கட்டுரை விடவில்லை. தப்பு செய்வது, போய்ச் சொல்வது, மறுபடியும் செய்வது, இதுதானே என்கிறார். அந்த வரிசையில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. உண்மையான மனத்துயரும் இனிச் செய்ய மாட்டேன் என்ற தீர்மானமும் இல்லாமல் பாவமன்னிப்பு இல்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும். திருத்தந்தைக்கும் விதிவிலக்கு கிடையாது. 2014 மார்ச்சில் புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லார் கண்முன்னும் ஒரு சாதாரண குருவிடம் முழந்தாளிட்டதை உலகமே பார்த்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் இதுவரை சொன்ன எதையும், சிறுபிள்ளைகளைச் சீரழித்தவர்களுக்கும் அதை மூடி மறைத்தவர்களுக்கும் யாரும் திரையாகப் பிடிக்கக் கூடாது. "எல்லாரும் பாவிகள்தானே" என்று அங்கே சொல்வது அக்கிரமம். 2010இல் அயர்லாந்து கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், குற்றம் செய்த குருக்கள் கடவுளுக்கு மட்டுமல்ல, நீதிமன்றங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். திருச்சபையின் பெயர் கெட்டுவிடும், வாயைத் திறக்காதே என்று பாதிக்கப்பட்டவரை அடக்குகிறவர் திருச்சபையைக் காப்பாற்றவில்லை. அந்தப் பிள்ளைகளின் கோபத்துக்கு முன்னால் எனக்கு எந்த வாதமும் இல்லை.

ஆட்களை வைத்தே கணக்குப் போடுவதானால் நானும் போடலாம். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த ஹவாயின் மொலோக்காய் தீவுக்கு 1873இல் போன தமியான் அடிகளார், அதே நோய் தொற்றி 1889இல் அங்கேயே இறந்தார். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தலைவருக்குப் பதிலாக 1941இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரைக் கொடுத்தார் குருவானவர் மாக்சிமிலியன் கோல்பே. ஆனால் இவர்களை மட்டும் காட்டி, ஆகவே என் விசுவாசம் உண்மை என்று நான் முடிக்க மாட்டேன். அதுவும் அதே தவறுதான். இயேசு யார், அவர் உயிர்த்தது உண்மையா? கட்டுரையாளர் அதைப் பற்றி எழுதட்டும், ஆவலோடு படிப்பேன்.

எங்கள் குறைகளையும் அவர் தொடர்ந்து எழுதலாம். அண்ணன் வீட்டுக்குப் போய் வந்ததை நான் முதலில் சொன்னது அந்த நண்பரிடம்தான்.

இப்படிக்கு,
ஒரு கத்தோலிக்க வாசகர்