ரெரெப்ரேஸும் கௌட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ஐரோப்பிய வீரர்களின் கவசங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். முழுத் தகட்டுக் கவசம் 20, 25 கிலோதான் இருக்கும், அதைப் பூட்டிக்கொண்டு ஓடலாம், தானாகவே குதிரையேறலாம் என்று எழுதியதற்கே கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். பாரந்தூக்கி வைத்துத்தான் குதிரைமேல் ஏற்றினார்கள் என்ற கதையை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் பெயர்கள்! 'ரெரெப்ரேஸ்' என்பதைப் படித்தபோது யாரோ திக்குகிறார் என்று நினைத்தேன். மேற்கையை மூடும் அந்தத் தகடு ரியர்ப்ரேஸ். பிரெஞ்சில் 'ஆரியேர்' என்றால் பின், 'ப்ரா' என்றால் கை. முன்னங்கைக்குரியது அதே 'ப்ரா'வோடு முன் என்று பொருள்படும் 'ஆவான்' சேர்ந்து, தேய்ந்து, வாம்ப்ரேஸ் ஆயிற்று. முழங்கைத் தகட்டைக் 'கௌட்டர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கூட்டர் என்பதே சரி. 'குய்ஸ்ஸே' என்று நீங்கள் நீட்டிய தொடைக்கவசம் ஒரே அசையில் முடிந்துவிடும்: குவிஸ். தலைக்கவசமான பாஸ்கினெட்டில் 'க்' கிடையாது, பாசினெட்.

குறை சொல்லும் தகுதி எனக்கும் அவ்வளவாக இல்லை. மகன் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் குதிரைமேல் அமர்ந்த நிலையில் ஒரு கவசத்தைப் பார்த்தேன். 1480 வாக்கில் தெற்கு ஜெர்மனியில் செய்தது. ஆளுக்கும் எஃகு, குதிரைக்கும் எஃகு. தாடையையும் கழுத்தையும் மறைத்திருந்த தகட்டைக் காட்டி, "இந்தப் பெவோர்..." என்று தொடங்கினேன். அங்கு நின்ற ஊழியர் முகம் மாறாமல், "ஆமாம், பீவர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது, மறுகணமே வேறொன்று பொறி தட்டியது. 'ஹாம்லெட்' நாடகத்தில், ஆவியின் முகத்தைப் பார்க்கவில்லையா என்று இளவரசன் கேட்பான். பார்த்தோம், பீவரை மேலே தூக்கிவிட்டிருந்தார் என்பான் ஹொரேஷியோ. அந்த இடத்தை 28 ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பீவர் என்பது அணை கட்டும் பிராணி அல்லவா என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார். தலைக்கவசத்தின் முகமூடி என்று சொல்லிக் கடந்துவிடுவேன். எழுத்துக்கூட்டல் வேறாக இருந்ததால் இரண்டும் ஒரே சொல் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. காதில் விழ வேண்டியிருந்தது.

'சல்லெட்' என்று நீங்கள் எழுதியிருக்கும் தலைக்கவசமும் அப்படியே. அதைச் சாலெட் என்று சொன்னால்தான், ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் பசியோடு தோட்டத்துக்குள் புகும் கலகக்காரன் ஜாக் கேட், தின்னும் பச்சிலையையும் மண்டையைக் காத்த இரும்பையும் ஒரே சொல்லில் வைத்து ஆடும் சிலேடை புரியும்.

மூலம் பிரெஞ்சு என்றால் பிரெஞ்சுக்காரர் சொல்கிறபடியே எழுதலாமே என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தபின் வந்து சேர்ந்த மொழி அது. இந்தச் சொற்கள் ஆங்கிலேயர் வாயில் பல நூற்றாண்டுகள் உருண்டவை. போர்த்துகீசியரின் 'ஜனேலா'தான் நம் சன்னல். அதற்காக யாரும் "அந்த ஜனேலாவைச் சாத்து" என்று சொல்வதில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதியில் பெயர் முதன்முறை வரும்போது உறுப்பையும் சேர்த்து எழுதுங்கள்: 'கூட்டர் என்னும் முழங்கைத் தகடு' என்பதுபோல. வாசகருக்குப் படம் பார்க்காமலே புரியும். இன்னொன்று, 43-ஆம் பக்கப் படத்தில் எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுவிட்டுக் குதிரையின் முகத்தகட்டை மட்டும் பெயரில்லாமல் விட்டிருக்கிறீர்கள். அது ஷாஃப்ரன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்,
கும்பகோணம்.