அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு நன்றி

அன்புள்ள நண்பர்கள் மூவருக்கும்,

போன மாதம் நீங்கள் வேலை பார்க்கும் கேளிக்கைப் பூங்காவுக்கு எங்களை அழைத்து, ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டினீர்கள். கிளம்பும்போது வாசலில் நன்றி சொன்னேன்தான். ஆனால் என் மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், நீங்கள் நிற்கவே தெம்பில்லாமல் நின்றிருந்தீர்கள். நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால் நாலு பேர் பார்க்கவே எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஓர் ஒப்புதல். நமக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்ற தெம்பில் வந்தவன் நான். வரிசையில் நிற்க வேண்டியதில்லை, பின்பக்கமாகப் புகுந்துவிடலாம், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்று வழியெல்லாம் மனக்கணக்குப் போட்டபடிதான் வந்தேன். மகளிடமும் பீற்றியிருந்தேன்: "மாமா இருக்கார், நீ எதில வேணும்னாலும் ஏறலாம்."

ரோலர் கோஸ்டர் வாசலில் அந்தக் கணக்கு உடைந்தது. அளவுகோலுடன் நின்ற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். அவளுடைய மேலதிகாரி நீ. விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் கூட நிற்கிறாய். 120 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் என் மகள் 118. அந்தப் பெண் உன் முகத்தைப் பார்த்தாள். நீ லேசாகத் தலையசைத்திருந்தால் அவளால் என்ன செய்திருக்க முடியும்? நீ அவளிடம், "சரியாத்தான் அளந்திருக்கே" என்றாய். என் பக்கம் திரும்பி, "இவ ஏற முடியாதுடா" என்றாய். அவ்வளவுதான்.

நான் விடவில்லை. ஷூவுக்குள் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்டேன். சிரிப்புக்குச் சொன்னதாகப் பிறகு மழுப்பினேன். சிரிப்புக்கு இல்லை, நிஜமாகவே கேட்டேன். மகள் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்திருந்தாள், எனக்கு உன் மேல் கோபம்.

நீ பதில் பேசாமல், வரிசைக்கு வெளியே மாதிரிக்காக வைத்திருக்கும் இருக்கையில் அவளை உட்காரவைத்து, மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பியை இறக்கினாய். கம்பி நின்ற இடத்துக்கும் அவள் தொடைக்கும் நடுவில் என் கையை விடச் சொன்னாய். உள்ளங்கை முழுசாகப் போய்விட்டது. "உச்சியிலிருந்து இறங்கும்போது உடம்பு சீட்டை விட்டு எழும்பும். எல்லாரும் கத்துறதே அந்தச் சுகத்துக்குத்தான். அந்த நேரத்துல இந்த இடைவெளி இருக்கக் கூடாது. எத்தனை உயரம் வேணும்னு சொல்றது சவாரியைச் செஞ்ச கம்பெனிக்காரங்க. அதைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை, இருந்தாலும் குறைக்க மாட்டேன்." நீ சொன்னது ஏறக்குறைய இதுதான். என் கை இன்னும் கம்பிக்கு அடியிலேயே இருந்தது.

அந்த 'முடியாது'க்குத்தான் இந்த மடலே. மற்ற நன்றிகள் எல்லாம் அதற்குப் பிறகு. அளவுகோல் பிடித்திருந்த அந்தப் பெண்ணுக்கும் இதைப் படித்துக் காட்டு. ஒரு நாளில் எத்தனை அப்பாக்களின் முறைப்பை அவள் வாங்குகிறாளோ. அன்றைக்கு என்னுடையதும் அதில் ஒன்று.

அடுத்தது, இரவுப் பணி பார்க்கும் உனக்கு. விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்தாய். கதவு திறக்கும் முன்னே காலி ரயிலைச் சுற்றவிட்டுப் பார்ப்பதை வேலிக்கு வெளியே நின்று காட்டினாய். தடத்தின் ஒரு போல்ட்டைச் சுட்டி, அதன் தலையிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து இழுத்திருந்த மெல்லிய வண்ணக் கோட்டைப் பார்க்கச் சொன்னாய். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை, உடைந்து விலகியிருந்தால் கழன்றிருக்கிறது. ஒரு பெயின்ட் கோடு! பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்த எனக்கு, ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு ஒருவர் தடத்தோடு நடந்துபோய் இதைப் பார்க்கிறார் என்பது அன்றுதான் தெரியும்.

சக்கரத்தையும் சொல்ல வேண்டும். மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தடத்துக்கு அடியில் ஒன்று என்று மூன்று வகைச் சக்கரங்கள் சேர்ந்து தடத்தைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் காப்புரிமை வாங்கினார், செங்குத்தான சரிவுகளை நம்பிக் கட்டும் துணிச்சல் அதற்கப்புறம்தான் வந்தது என்றாய். 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் தாம்சன் என்பவர் ஓடவிட்ட ரோலர் கோஸ்டரின் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதானாம். சைக்கிளே முந்திவிடும். அதற்கும் கூட்டம் அலைமோதியதாம்!

ஆனால் உனக்கு நான் பட்ட கடன் இதெல்லாம் இல்லை. நானும் அந்த மேலதிகாரியும் கோஸ்டரில் ஏறப் போனபோது, அழுதுகொண்டிருந்த என் மகளை நீ அழைத்துப் போனாய். திரும்பி வந்து பார்த்தால், இருபது மணி நேரமாகத் தூங்காத ஆள் ராட்டினத்தில் மரக்குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கிறாய், மூன்றாவது முறையாக. பக்கத்துக் குதிரையில் அவள், "மாமா, கண்ணை மூடாதீங்க!" என்று அதட்டுகிறாள்.

கோஸ்டரில் நான் எப்படி இருந்தேன் என்பதை நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தில் 'டக் டக் டக்' என்று சத்தம் கேட்டதும் ரயிலை மேலே இழுக்கும் செயின் அறுகிறது என்றே நினைத்தேன். ரயில் பின்னால் சரியாமல் இருக்க, அடியிலிருக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாக விழுந்து பிடிக்கும் சத்தம் அது என்று பக்கத்து சீட்டிலிருந்து மேலதிகாரி நீ சொன்னாய். சத்தம் வரும்வரை நிம்மதியாக இரு என்றாய். உடனே சத்தம் நின்றது. ரயிலும் நின்றது, உச்சிக்குப் பத்தடி முன்னால். நான் உன் கையைப் பிடித்ததில் நகம் பதிந்திருக்கும், மன்னித்துக்கொள்.

நீ கொட்டாவி விட்டாய். முன்னால் போன ரயில் சுற்றி முடித்து ஸ்டேஷனில் நிற்கிறது, இன்னும் கிளம்பவில்லை, யாரோ செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்றாய். தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயிலுக்கு மேல் இருக்க விடமாட்டார்களாம். முன் துண்டு காலியாகாவிட்டால் பின்னால் வருவது தானாக நிற்கும். "நின்னா எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்." இரண்டு நிமிடம் இருக்கும். காற்றில் ரயில் லேசாக முனகியது. கீழே ராட்டினம் ஒரு தட்டு மாதிரி சுழன்றது. முன்பொரு முறை வேறொரு பூங்காவில் இப்படி நின்றதற்கு, இறங்கியதும் அங்கிருந்த ஊழியரிடம் எகிறியவன் நான். அவர் எங்கிருந்தாலும், அவருக்கும் இந்த மடலில் ஒரு பங்கு உண்டு.

கடைசியாக, அன்றைக்கும் வேலையில் இருந்த உனக்கு. நீ போடும் வேஷம் எது என்று இங்கே எழுத மாட்டேன், என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது அது அத்தை என்று அவளுக்குத் தெரியாது. வேஷத்தில் இருக்கும்போது பேசக் கூடாது என்பது உங்கள் விதி. அவள் காதோடு காதாக, "நான் ரெண்டு சென்டிமீட்டர் கம்மி" என்று அழுதிருக்கிறாள். நீ மண்டியிட்டு, அந்தப் பெரிய கையுறைக் கையை அவள் தலைக்கு மேல் வைத்து, மெதுமெதுவாக ஒரு முழம் உயர்த்திக் காட்டினாய். ஒரு வார்த்தை இல்லை. அவள் அழுகை நின்றது. அரைமணி கழித்து ஓய்வறைப் பக்கம் உன்னைப் பார்த்தேன். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கிடக்க, மடக்மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். "குட்டி சரியாயிட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டாய்.

உன் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முன்வந்த தோழிக்கும் நன்றி. கடைசியில் மாற்ற முடியாமல் போனதே நல்லதாகிவிட்டது.

வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறோம். நேற்று குதிகாலைத் தூக்காமல் நிற்கச் சொல்லி அளந்தேன். 119. நான் சரியாக அளக்கவில்லை என்கிறாள், மாமாதான் வந்து அளக்க வேண்டுமாம்.

அன்புடன்,
கம்பிக்கு அடியில் கை விட்டவன்