இயோசினோபிலிக் ஈசோபேஜைடிஸ் (ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சி) நோயாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–2025

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு (அவர்களே அதிகம்) அறிக்கை தபாலில் போகும்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பால், கோதுமை சேராத பலகாரச் செயல்விளக்கம் நன்றாக நடந்தது.

இனி, பல நிபுணர்கள் ஒன்றாக நோயாளியைப் பார்க்கும் கூட்டு ஆலோசனை முகாம். "இத்தனை பேர் எதற்கு, ஒரு டாக்டர் போதாதா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். இயோசினோபிலிக் ஈசோபேஜைடிஸில் போதாது. இந்த நோயில் உணவுக்குழாயில் சேரும் இயோசினோபில் எனும் வெள்ளை அணுக்கள் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். கேஸ்ட்ரோ டாக்டர் (இரைப்பை, குடல் நிபுணர்) உணவுக்குழாயின் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 சதைத் துண்டு எடுத்தால்தான், நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் எண்ணிக்கை 15-ஐத் தொடுகிறதா என்று பேத்தாலஜிஸ்ட் (சதையைச் சோதிக்கும் மருத்துவர்) உறுதியாகச் சொல்ல முடியும். கூடவே வரும் ஆஸ்துமாவையும் மூக்கு ஒவ்வாமையையும் அலர்ஜி டாக்டர் பார்த்துக்கொள்வார். தோலில் குத்திப் பார்க்கும் சோதனை இந்த நோய்க்குக் காரணமான உணவை நம்பகமாகக் காட்டாது என்று முகாமில் அவரே சொன்னார். சாப்பிடவே பயப்படும் குழந்தைக்கு விழுங்கல் பயிற்சியாளர் வேண்டும்.

டயட்டீஷியன் வேலை இன்னும் நுணுக்கம். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பால் உட்பட ஆறு வகை உணவை நிறுத்திய பெரியவர்களில் 40 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. பால் மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதம். எனவே முதலில் பாலை நிறுத்திப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் பால் என்றால் மோர், நெய், பிஸ்கட்டில் உள்ள பால் பவுடர், பிரசாதமாக வரும் நெய்ப் பொங்கல் எல்லாம்தான். போகும் கால்சியத்தை ஈடுகட்டவும் வேண்டும்.

மருந்தில் நடக்கும் தவறு வேறு. புடசோனைடு ரெஸ்பியூலை (சிறு குப்பியில் வரும் ஸ்டீராய்டு திரவ மருந்து) அப்படியே குடித்தால் நேராக வயிற்றுக்குப் போய்விடும். 0.5 மி.கி. ரெஸ்பியூல் ஒன்றுக்கு 1 கிராம் சுக்ரலோஸ் (செயற்கை இனிப்பு) பொட்டலம் ஐந்து போட்டுக் குழைத்தால்தான் உணவுக்குழாயில் படியும். அதன்பின் 30 நிமிடம் தண்ணீர்கூடக் கூடாது. பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். எத்தனை மி.கி. என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் நிரப்பும்படி அடியேன் கொண்டுவந்த ஒற்றைத் தாளை "கிளார்க் வேலை" என்றவர்கள் உண்டு. நிறுத்திய உணவு, தொடங்கிய மருந்து, தேதி, மேலே எத்தனை அணு, கீழே எத்தனை: அவ்வளவுதான் அதில் இருக்கிறது. மருந்தையும் பால் நிறுத்தத்தையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் 8 முதல் 12 வாரத்தில் மறு எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) வேண்டும். "பிள்ளை நன்றாகத்தான் முழுங்குகிறான்" என்று அதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பதும், பரோட்டாவையும் கறியையும் ஒதுக்குவதும், எல்லோரும் எழுந்த பிறகும் மென்றுகொண்டிருப்பதும் நன்றாக முழுங்குவது ஆகாது. உள்ளே குழாய் சுருங்கிக்கொண்டிருக்கலாம். முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பயாப்ஸி (சதைச் சோதனை) ரிப்போர்ட்டும் இல்லாமல், ஆளும் வராமல் விட்டவர்களால் நிபுணர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரவு செலவில் சிறு பற்றாக்குறை. விவரம் பொருளாளரிடம் உள்ளது. டயட்டீஷியன் கட்டணம் சந்தாவிலிருந்துதான் போகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பாக்கிப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை.

இடம் தந்த மண்டப நிர்வாகத்துக்கும், வந்துதவிய மருத்துவர்களுக்கும் நன்றி. வரும் ஆண்டு முகாம் நடக்கும்; டயட்டீஷியனோடா, இல்லாமலா என்பது சித்திரைக்குள் வரும் சந்தாவைப் பொறுத்தது. செயலாளர் பொறுப்பை ஏற்க ஆர்வமுள்ளவர் இருந்தால் தாள்களை ஒப்படைக்கத் தயார்.

இப்படிக்கு,
செயலாளர்