இடி விழுந்த ராத்திரியில் கூட நின்றவர்களுக்கு

குளச்சலில் எங்கள் ஐஸ் கம்பெனிக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் விழுந்த அந்த இடி, கூலிங் டவர் ஷெட்டுக்குப் பின்னால் நின்ற தென்னையைப் பிளந்துவிட்டது. போன கரண்ட் சீக்கிரமே வந்தது. மெஷின்களையெல்லாம் நடத்தும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யில் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் ஸ்கிரீனில் உப்புநீர்த் தொட்டியின் வெப்பம், பம்ப், மீட்டர் எல்லாம் வெறும் கோடாகவே நின்றன. துறைமுகத்தில் போட்டுகள் ஐஸுக்குக் காத்திருந்தன.

பம்பை மேனுவலில் ஓடவிட்டு, தெர்மாமீட்டரும் கையுமாக விடிய விடிய தொட்டியைச் சுற்றி வந்த நம் பையன்களுக்கு முதல் நன்றி. நீங்கள் கண்ணயர்ந்திருந்தால் ஒரு ஐஸ் பார்கூடத் தேறியிருக்காது.

தக்கலையிலிருந்து கொட்டும் மழையில் பைக்கில் வந்த அண்ணனுக்கு என்ன சொல்ல? அவருக்கு முன் வந்தவர், எல்லாவற்றையும் மாற்றணும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் மெயினை ஆஃப் பண்ணினார், பி.எல்.சி.யும் கருவிகளும் பேசிக்கொள்ளும் ஆர்.எஸ். 485 லைனின் இரண்டு ஒயரிலும் மல்டிமீட்டரை வைத்தார். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் ஏறக்குறைய 60 காட்ட வேண்டும். காட்டியது 4. “ஒரு சிப்பு செத்து லைனையே பிடிச்சு வச்சிருக்கு, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்றார். கருவிகளை ஒவ்வொன்றாக லைனிலிருந்து கழற்றினோம். நான் டார்ச் பிடித்திருந்தேன். டவர் ஷெட்டில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவை எடுத்ததும் மீட்டர் 60-க்கு ஏறியது. அந்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன்.

அப்புறமும் பி.எல்.சி.க்கும் கருவிகளுக்கும் பேச்சு வரவில்லை. லேப்டாப்பும் கன்வெர்ட்டருமாக வந்த பாலிடெக்னிக் தம்பி மற்ற ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தான்; எல்லாம் பதில் சொல்லின. போயிருந்தது பி.எல்.சி.யின் கம்யூனிகேஷன் கார்டு. அதே மாடல் கார்டை, தன் கம்பெனிக்கு ஸ்பேராக வைத்திருந்ததை, கேட்டதும் எடுத்துத் தந்தார் பக்கத்து ஐஸ் கம்பெனி அண்ணாச்சி. தொழிலில் நாங்கள் போட்டிக்காரர்கள். அன்றைக்கு அவர் அதை நினைக்கவே இல்லை.

மற்ற கம்பெனிக்காரர்களும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கேபிளின் ஷீல்டை, அதாவது ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையை, இரண்டு பக்கமும் எர்த் பண்ணியிருந்தோம். ஷெட்டுக்குத் தனி எர்த் குழி வேறு. தென்னை மேல் இடி விழுந்ததும் அந்தப் பக்கத்து மண்ணில் ஏறிய வோல்டேஜ் ஷீல்டு வழியாகவே பேனலுக்குள் வந்துவிட்டது. இப்போது ஷீல்டு பேனல் பக்கம் மட்டும்தான் எர்த். இரண்டு குழியையும் செம்புப் பட்டையால் இணைத்தாயிற்று, கேபிளின் இரண்டு நுனியிலும், திடீரென்று ஏறும் வோல்டேஜை மண்ணுக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் போட்டாயிற்று. வெளியே ஓடும் கேபிளை மாற்றி, கரண்ட் கடத்தாத ஃபைபர் போடச் சொல்கிறார் அண்ணன். தை பிறந்ததும் போட்டுவிடுவோம்.

இரவு முழுக்கக் கட்டன் சாயா போட்டுத் தந்து காசு வாங்க மறுத்த அக்காவுக்கும் நன்றி.

அண்ணாச்சி, உங்கள் கார்டுக்குப் புதுசு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வருகிறேன்.